கேளுங்க, சொல்றேன்: டிசம்பர்ல எந்தக் கடலுக்குப் போறது?

கேள்வி: அக்கா, எங்க வீட்ல எல்லாருக்கும் ஒண்ணா லீவு கிடைக்கிறது டிசம்பர்ல மட்டும்தான். இவரு பேக்டரி, நான் பாலர்பள்ளி, பிள்ளைங்க ஸ்கூலு. டிக்டோக்ல பெர்ஹெந்தியான் தீவைப் பாத்ததுலேர்ந்து சின்னவ அங்கதான் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. டிசம்பர் ரெண்டாவது வாரத்துக்கு ரொம்ப மலிவா ஒரு பேக்கேஜ் வந்திருக்கு, டெபாசிட் கட்டலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: கட்டாதீங்க தங்கச்சி. காசைக் குடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பெர்ஹெந்தியான், ரெடாங், காப்பாஸ், தியோமான் எல்லாமே நம்ம மலேசியாவோட கிழக்குக் கரைத் தீவுங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்து அடிக்கிற காலம், சீனா சைபீரியா பக்கம் நிலம் ரொம்பக் குளிர்ந்துபோயி அங்கேர்ந்து காத்து கிளம்பி தென்சீனக் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து நேரா கிளாந்தான் திரெங்கானு பாஹாங் மேல கொட்டும். வருஷா வருஷம் வெள்ளம் வர்றதும் இதே காத்தாலதான். அந்த நேரத்துல பெர்ஹெந்தியான்ல பெரும்பாலான ரிசார்ட் பூட்டிருவாங்க, போட் ஓட்டுறவங்களே கடல்ல இறங்க மாட்டாங்க, அப்படியே ஒருத்தர் துணிஞ்சு கூட்டிட்டுப் போனாலும் திரும்பி வர்ற அன்னிக்கு அலை ஏறிடுச்சின்னா நீங்க பிள்ளைங்களோட அங்கயே மாட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

விக்கிறவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. போட் ஓடலன்னா முழுக்காசும் திருப்பித் தருவீங்களா, அதை எழுத்துல தருவீங்களா? இழுத்தாங்கன்னா போனை வச்சிருங்க.

இப்ப நல்ல சேதி. நம்ம ஊர்லேர்ந்து கிழக்கால மலை தெரியுதே, அந்த தித்திவாங்சா தொடர்தான் இந்தக் காத்தைத் தடுத்து மேற்குக் கரையைக் காப்பாத்துது. அதனால கிழக்குல கடல் பொங்குற அதே டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் லங்காவி, பங்கோர் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியா இருக்கும். ஆக உங்க குடும்பத்துக்கு டிசம்பர்ல லங்காவிதான். ஹைவேயில அலோர் ஸ்டார் வரைக்கும் நேராப் போயி கோலக்கெடாவுல பெர்ரி ஏறலாம், ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிரும், இல்ல இன்னும் கொஞ்சம் மேல ஓட்டிக்கிட்டுப் போனா கோலப்பெர்லிஸ்லேர்ந்து கடல் தூரம் கம்மி. சின்னவளுக்கு மீனும் பவளப்பாறையும் பாக்கணும்னா லங்காவியிலேர்ந்து பூலாவ் பாயார் தீவுக்கு ஒருநாள் ட்ரிப் இருக்கு, அது மரைன் பார்க், கடல் உயிருங்களைப் பாதுகாக்குற எடம். தண்ணி பெர்ஹெந்தியான் மாதிரி கண்ணாடியா இருக்காது, அதை அவகிட்ட முன்னாடியே சொல்லிருங்க, ஆனா முதல் தடவை மூஞ்சியைத் தண்ணிக்குள்ள விட்டு மீனைப் பாக்குற பிள்ளைக்கு அது போதும்.

பெர்ஹெந்தியானை விட்டுறாதீங்க. ஏப்ரல் முடிஞ்சதுலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அங்க நல்ல காலம், வருஷ நடுவுல ஸ்கூல் லீவு வருமே அப்ப உங்க லீவுல நாலு நாளை மட்டும் மிச்சம் பிடிச்சு வையுங்க. நமக்கு கிரிக் வழியா ஜெலி போயி கோலபெசுட் ஜெட்டி, அங்கேர்ந்து ஸ்பீட்போட்ல அரைமணி நேரம் கொஞ்சம் கூட ஆகும். கிரிக் ஜெலி ரோட்ல பகல்ல மட்டும் ஓட்டுங்க, ராத்திரியில யானை குறுக்க வரும், விடிகாலையில பனிமூட்டம், பெட்ரோலை கிரிக்லயே நிரப்பிக்குங்க. பெர்ஹெந்தியான்ல ஏடிஎம் கிடையாது, அதனால ரொக்கம் கையில இருக்கணும். இன்னொண்ணு, ஜெட்டி பேரை நல்லாப் படிங்க. ரெடாங் போறவங்க ஏறுறது மெராங், அது கோலதிரெங்கானுவுக்கு வடக்கே. காப்பாஸ் போறவங்க ஏறுறது மாராங், அது தெற்கே. ஜிபிஎஸ்ல ஒரு எழுத்து மாத்தி அடிச்சிட்டு போட் நேரத்துக்கு எதிர்ப்பக்கம் போயி நிக்கிற குடும்பங்க உண்டு.

கேள்வி: எங்கம்மாவுக்கு எழுபது வயசாவுது, வாழ்நாள் முழுக்க பால்மரம் சீவுனவங்க, முட்டிவலி. நாங்க தீவுக்குப் போறோம்னா "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிறேன்"ங்கிறாங்க. அவங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது? (வாசகர், லிந்தாங்)

பதில்: தம்பி, இந்தக் கேள்வியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன். வீட்டைப் பாத்துக்கிறேன்னு அவங்க சொல்றது ஆசை இல்லாம இல்ல, உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னுதான். கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. பங்கோருக்கு.

ஏன் பங்கோர்னா, கிழக்குத் தீவுங்கள்ல நெறைய எடத்துல போட் நேரா ரிசார்ட் வாசல் வரைக்கும் வராது, முட்டியளவு தண்ணியில இறக்கி விட்டுருவாங்க, இல்லன்னா நடுக்கடல்ல சின்ன போட்டுக்கு மாத்தி ஏத்துவாங்க. முட்டிவலிக்காரங்களுக்கு அது பெரிய இம்சை. பங்கோர் பெர்ரி அப்படி இல்ல, லுமுட்ல ஜெட்டியில ஏறி பங்கோர்ல ஜெட்டியில இறங்கலாம், உள்ள சீட்ல உக்காந்துக்கிட்டே போகலாம். லுமுட் பக்கத்துல இருக்குற மரினா ஐலண்ட் ஜெட்டியிலேர்ந்து ஏறுனா இன்னும் சீக்கிரம். ஏறும்போது இறங்கும்போது மட்டும் நீங்க முன்னால நின்னு கையைக் குடுங்க, பின்னால ஒருத்தர் நிக்கட்டும், அலையில பெர்ரி ஆடுற நேரத்துல காலெடுத்து வைக்காம அது ஜெட்டியோட ஒட்டுற வரைக்கும் பொறுத்து ஏறச் சொல்லுங்க. செருப்பு வார் வச்சதா இருக்கட்டும், ரப்பர் சிலிப்பர் ஈரத்துல வழுக்கும்.

இறங்குனா ரோஸ் கலர் வேன் நிக்கும், அதுதான் அங்க டாக்சி. மொத்தக் குடும்பமும் ஒரே வேன்ல ஏறி தெலுக் நிப்பா போயிரலாம். ரூம் கீழ்மாடியில வேணும்னு புக் பண்ணும்போதே சொல்லிருங்க, இதை மறந்துட்டா பாவம் அவங்க மூணு நாளும் படியேறணும். தெலுக் நிப்பாவுல சாயங்காலமானா இருவாச்சிப் பறவைங்க கூட்டமா மரத்துக்கு வரும், அம்மா நாற்காலியில உக்காந்தே பாக்கலாம். பங்கோர் தீவுல ஸ்ரீ பத்திரகாளியம்மன் கோயில் இருக்கு, முதல் நாளே கூட்டிட்டுப் போங்க, தரிசனம் முடிஞ்சிட்டா அப்புறம் எங்க கூப்பிட்டாலும் சந்தோஷமா வருவாங்க. மாசி மகத்துக்குக் கூட்டம் அலைமோதும், அவங்களை வச்சிக்கிட்டு அந்த வாரம் வேணாம், இல்ல மாசி மகமே பாக்கணும்னு ஆசைப்பட்டா ரூமை ரொம்ப முன்னாடியே எடுத்துருங்க.

இந்தத் தீவைப் பத்தி அம்மாவுக்கு ஒரு கதை சொல்லுங்க. 1874 ஜனவரியில பங்கோர் ஒப்பந்தம்னு ஒண்ணு ஆச்சு, அதுக்கப்புறம்தான் வெள்ளைக்காரன் பேராக்ல ரெசிடெண்ட்னு சுல்தானுக்கு ஆலோசனை சொல்ற பிரிட்டிஷ் அதிகாரியை உக்கார வச்சான். பின்னால காடழிச்சு ரப்பர் போட்டு நம்ம ஆளுங்களைக் கப்பல்ல கொண்டாந்து இறக்குனதெல்லாம் அந்த ஆட்சியிலதான். ஆயுசெல்லாம் அந்த மரத்தடியில நின்னவங்க அந்தத் தீவு மணல்ல காலை நீட்டி உக்காரணும், எனக்கு அது ரொம்ப முக்கியமாப் படுது.

மாசம் கேட்டீங்கன்னா ஜனவரி பிப்ரவரி நல்லாருக்கும். தீபாவளி லீவுல போனா சாயங்காலம் இடி மழைக்குத் தயாரா இருங்க, கடலைக் காலையிலயே பாத்துருங்க.

கேள்வி: அக்கா, பிரண்ட்ஸோட ஸ்னோர்க்கலிங் போறேன், எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டா போதுமா? ஜெல்லிஃபிஷ் கடிச்சா என்ன பண்றது? (வாசகர், கோலகங்சார்)

பதில்: ஜாக்கெட் போட்டா போதாது தம்பி, சரியாப் போடணும். போட்டு எல்லா பக்கிளையும் மாட்டி இறுக்குனதுக்கப்புறம் பிரண்டை விட்டு ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறுதுன்னா சைஸ் பெருசு, தண்ணியில அது மேல மிதக்கும் நீங்க கீழ போயிருவீங்க. மாத்திக் கேளுங்க, கூச்சப்படாதீங்க. மாஸ்க்கும் டியூபும் மொதல்ல இடுப்பளவு தண்ணியில நின்னு பழகுங்க, நேரா நடுக்கடல்ல போட்லேர்ந்து குதிக்கவே குதிக்காதீங்க. அலை உள்ள இழுத்தா கரையைப் பாத்து நீந்தி மல்லுக்கட்டாம மிதந்துக்கிட்டே கையைத் தூக்கி ஆளைக் கூப்பிடுங்க, முடிஞ்சா கரைக்குப் பக்கவாட்டா நகருங்க.

ஜெல்லிஃபிஷ் கடிக்கிறதில்ல, அதோட இழை மேல பட்டா கொட்டும். நம்ம நாட்டுக் கடல்ல உயிரெடுக்குற பாக்ஸ் ஜெல்லிஃபிஷும் இருக்கு, அதனால விளையாட்டா நினைக்காதீங்க. பட்டா உடனே தண்ணியை விட்டு வெளிய வந்து வினிகரை அந்த எடத்துல அரை நிமிஷத்துக்குக் குறையாம ஊத்தணும். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணியில கழுவக் கூடாது, மூத்திரம் விடச் சொல்லுவாங்க, அதைக் கேக்கவே கேக்காதீங்க. மூச்சு முட்டுது நெஞ்சு படபடங்குதுன்னா கிளினிக்குக்கு ஓடுங்க, மயங்கி மூச்சு நின்னுட்டா சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி மூச்சு குடுக்குற முதலுதவியை ஆரம்பிச்சிரணும். கடையில சமையல் வினிகர் பாட்டில் சில வெள்ளிதான், பேக்ல போட்டுக்குங்க. உடம்பு மூடுற ரேஷ்கார்ட் சட்டை போட்டா வெயிலுக்கும் ஆச்சு இதுக்கும் ஆச்சு.

அப்புறம் பவளப்பாறை மேல ஏறி நிக்காதீங்க தம்பி. கல்லு மாதிரி தெரியும், ஆனா அது உயிர், மிதிச்ச எடம் செத்துரும், திரும்ப வளர வருஷக்கணக்கா ஆகும். மீனுக்கு ரொட்டியும் போடாதீங்க.

கேள்வி: டிசம்பர்ல கல்யாணம், ஹனிமூனுக்கு மாலத்தீவு. ரிசார்ட் விலை கேட்டாலே தலை சுத்துது, சாதாரண சம்பளக்காரங்க போக முடியாதா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. முடியும். 2009க்கப்புறம் அங்க ஜனங்க வாழுற தீவுங்கள்லயே கெஸ்ட் ஹவுஸ் நடத்த விட்டாங்க, மாஃபுஷி மாதிரி எடத்துல தங்குனா ரிசார்ட் விலையில சின்னப் பங்குதான். அங்க நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் வறண்ட காலம், டிசம்பர் சரியா வருது, ஆனா கிறிஸ்மஸ் வாரத்துக்கு முன்னாடியே போயிட்டு வந்துருங்க, அப்புறம் விலை ஏறிரும். நீச்சல் உடுப்பெல்லாம் அதுக்குன்னு ஒதுக்குன பீச்சுல மட்டும்தான், ஊருக்குள்ள தோள் முட்டி மூடுன உடுப்பு, மது கிடையாது. ரூம் விலை பாக்கும்போது வரியும், விமான நிலையத்துலேர்ந்து போட் காசும் சேர்ந்திருக்கான்னு கேட்டுட்டு அப்புறம் கணக்குப் போடுங்க, போட் காசுலதான் பட்ஜெட் உடையும்.