பஃபரில் வந்தது, ரத்தத்தில் ஏன் வரவில்லை? சென்சார் கேள்வி பதில்

25 ஆண்டுகளாக மின்வேதிச் சென்சார்களும் (வேதிப்பொருளின் அளவை மின்சாரமாக மாற்றிக் காட்டுபவை) கையடக்கக் கருவிகளும் செய்துவருகிறேன். கீழே வரும் பஃபர் என்பது ஆய்வகத்தில் கலக்கிய, அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல். எனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள்?
பதில்: மாணவனாக இருந்தபோது, சொட்டுச் சொட்டாய் விழும் பாதரசம் வரைந்த மின்னோட்டக் கோட்டைப் பார்த்தேன். செக் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் தொடங்கிய போலரோகிராஃபி அது. ஒரே கரைசலில் எந்த உலோகம், எவ்வளவு என்று அந்தக் கோடு தானே சொல்லிவிடும். அப்புறம் வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

கேள்வி: ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவு எப்படித் தெரிகிறது?
பதில்: இது எனக்குப் பிடித்த கதை. 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் ஆக்சிஜன் மின்முனை மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைமை ஒரு சவ்வுக்குள் அடைத்து வைக்கலாம் என்று சொன்னார்கள். என்சைம் குளுக்கோஸைப் பிடித்ததும் ஆக்சிஜன் செலவாகும், ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். இரண்டில் எதை அளந்தாலும் கணக்கு வந்துவிடும். ஆனால் பெராக்சைடை பிளாட்டினத்தில் ஆக்சிஜனேற்ற 0.6 வோல்ட் அளவுக்கு வேண்டும். அந்த மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், விழுங்கிய பாராசிட்டமால் எல்லாம் சேர்ந்து மின்னோட்டம் கொடுக்கும். 1984இல் வெளிவந்த ஒரு வழி, எலெக்ட்ரானை என்சைமிலிருந்து மின்முனைக்குச் சுமந்து போக ஃபெரோசீன் வகைச் சேர்மங்களை வைத்தது. மின்னழுத்தம் இறங்கியது, தொல்லையும் குறைந்தது, ஆக்சிஜனை நம்பவும் வேண்டியதில்லை. 1987இல் அது பேனா வடிவக் கருவியாகவே கடைக்கு வந்துவிட்டது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை வீட்டு மீட்டரில் 210, ஆய்வகத்தில் 185. மாத்திரையைக் கூட்டலாமா?
பதில்: மாத்திரையை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டு மீட்டர்களுக்கான 2013இன் ஐஎஸ்ஓ 15197 தரம், 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீத வித்தியாசத்தை ஏற்கிறது. 185க்கு அது 212 வரை போகும். மீட்டர் மேல் கோபம் வேண்டாம்.

கேள்வி: அச்சிட்ட மின்முனையில் என் பீக் (மின்னோட்டக் கோட்டின் உச்சி) நாளுக்கு நாள் நகர்கிறது. வினையூக்கி மாறிவிட்டதா?
பதில்: வினையூக்கியை விடுங்கள், முதலில் ரெஃபரன்ஸை, அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைத்த முனையைப் பாருங்கள். அச்சிட்ட வெள்ளி/வெள்ளி குளோரைடு முனைக்கு உள்ளே பொட்டாசியம் குளோரைடு கிடையாது. உங்கள் மாதிரியில் உள்ள குளோரைடைத்தான் அது பார்க்கிறது. குளோரைடு பத்து மடங்கு மாறினால் 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் நகரும். பஃபரில் 10 மில்லிமோலார், ரத்தத்தில் 100 என்றால், புதிதாக ஒன்றும் நடக்காமலேயே பீக் இடம் மாறிவிடும்.

கேள்வி: என் சென்சாரின் மின்னழுத்தம் நிலைக்கவில்லை.
பதில்: முந்தைய பதில்.

கேள்வி: பத்து மைக்ரோலிட்டர் மாதிரியில் அட்டோமோலார் வரை புரதத்தைக் கண்டுபிடித்தேன். இதழ்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள்.
பதில்: நானும் மறுக்கிறேன். ஒரு அட்டோமோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோலில் கோடி கோடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, என்றால் பத்து மைக்ரோலிட்டரில் ஆறு மூலக்கூறுதான். அந்த ஆறும் உங்கள் மின்முனையைத் தேடிவந்து ஒட்ட வேண்டும். கலக்காமல் விட்டால் ஒரு மில்லிமீட்டர் தூரம் பரவவே புரதத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேடும் பொருளே இல்லாத வெற்று மாதிரியின் இரைச்சலை (சிக்மா) மூன்றால் பெருக்கி, அளவீட்டுக் கோட்டின் சரிவால் வகுத்துச் சொல்லும் எண் வெறும் கணக்கு. அந்தச் செறிவை நீங்கள் உண்மையிலேயே அளந்தீர்களா?

கேள்வி (அதே நண்பர்): மூன்று மடங்கு சிக்மா எல்லோரும் ஏற்ற முறை. நீங்கள் பழைய ஆள்.
பதில்: பழைய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். முறையும் சரிதான், ஆனால் எந்த வெற்று மாதிரி? பஃபரா, சீரமா (ரத்தத்தின் தெளிநீர்)? எத்தனை தனித்தனி மின்முனைகள்? ஒரே முனையை ஏழு முறை ஓட்டி வந்த சிக்மா, அந்த முனைக்கு மட்டுமே சொந்தம்.

கேள்வி (இன்னொருவர்): அவரை விடுங்கள். ஒற்றை மூலக்கூறையே டிஜிட்டல் முறைகள் எண்ணுகின்றனவே?
பதில்: எண்ணுகின்றன. காந்த மணிகளால் மூலக்கூறுகளைத் திரட்டி, ஆயிரக்கணக்கான குட்டிக் கிணறுகளில் பிரித்துத்தான் எண்ணுகின்றன. பெரிய மாதிரியும் எடுக்கிறார்கள். நம் நண்பர் மின்முனை மேல் ஒரு சொட்டு வைத்தார், அவ்வளவுதான்.

கேள்வி: பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனைக்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எந்த மாடல் நல்லது?
பதில்: விற்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உங்களுக்குத் தோல்வியே வந்ததில்லையா?
பதில்: ஆற்று நீரில் ஈயம் அளக்க பிஸ்மத் என்ற உலோகப் படலம் பூசிய கருவி செய்தேன். அசிடேட் பஃபரில் கோடு நூல் பிடித்த மாதிரி. ஆற்றங்கரைக்குப் போனால் ஈயம் மக்கிய கரிமப் பொருளோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரவே இல்லை. பக்கத்திலிருந்த தாமிரம் பிஸ்மத்தோடு மல்லுக்கட்டியது. அமிலமிட்டுச் செரிக்க வைத்த பிறகே எண் வந்தது. கையடக்கக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு அடுப்பும் தூக்கிப் போக வேண்டியதாயிற்று.

கேள்வி: இரண்டு நாளாக என் பீக் இடம் மாறுகிறது, வினையூக்கி…
பதில்: குளோரைடு எவ்வளவு?