மூத்தோர் குடியிருப்பில் தரமேம்பாடு: முதல் அடியை எங்கே வைப்பது?

கேள்வி: கோவை அருகே 120 பேர் வசிக்கும் மூத்தோர் குடியிருப்பு ஒன்றின் மேலாளராக இருக்கிறேன். தரமேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்குமாறு நிர்வாகக் குழு சொல்லியிருக்கிறது. ஆலோசகர் ஒருவர் 64 அளவுகோல்கள் கொண்ட பட்டியலைத் தந்திருக்கிறார். எங்கள் ஊழியர்களோ அன்றாட வேலையை முடிக்கவே திணறுகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஒன்றே ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 64 அளவுகோல்களையும் முதல் மாதமே கையில் எடுத்தால், உங்கள் நர்ஸ்கள் முதியவர்களிடம் செலவிட வேண்டிய நேரத்தைப் படிவம் நிரப்புவதில் கழிப்பார்கள். மூன்றாம் மாதத்தில் படிவங்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாக, நினைவிலிருந்து நிரப்பப்படும். முதல் பொருளாக நான் பரிந்துரைப்பது, கீழே விழுதல். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் உலக அளவில் இரண்டாம் இடத்தில் இருப்பது விழுதல்தான் என்றும், அவ்வாறு இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைவிட முக்கியமான காரணம், விழுதலைத் தடுக்க முனையும்போது கட்டடம், மருந்து, இரவுப் பணி, உணவு, உடற்பயிற்சி என எல்லாத் துறையினரும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும் என்பதே.

எண்ணுவதற்கு முன், எது விழுதல் என்பதை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். காயம் பட்டால்தான் கணக்கு என்று ஒரு ஷிப்டும், தரையைத் தொட்டாலே கணக்கு என்று இன்னொரு ஷிப்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. தன் விருப்பமின்றித் தரைக்கோ தாழ்ந்த இடத்துக்கோ வந்துவிட்டால், காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயா தாங்கிப் பிடித்து மெல்ல உட்கார வைத்திருந்தாலும், அது விழுதல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் நேர்ந்த விழுதல்களை அம்மாதத்தின் மொத்த வசிப்பு நாட்களால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 120 பேர் 30 நாட்கள் தங்கினால் 3600 வசிப்பு நாட்கள். அதில் 9 விழுதல்கள் என்றால் ஆயிரத்துக்கு 2.5. அறைகள் காலியாகும் மாதத்தையும் நிரம்பும் மாதத்தையும் ஒப்பிட இந்தக் கணக்கு வேண்டும்.

முதல் இரண்டு மாதங்களில் இந்த எண் கூடவே செய்யும். இதுவரை மறைந்து கிடந்தவை வெளியே வருவதால் கூடுகிறது என்பதை நிர்வாகக் குழுவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் இல்லத்தில், ஒருவர் விழுந்தால் அந்த நேரப் பணியிலிருந்த ஆயாவின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் வழக்கம் இருந்தது. அடுத்த மாதம் ரிஜிஸ்டரில் ஒரு விழுதல்கூட இல்லை. ஆனால் வாராந்திரப் பரிசோதனைக்கு வந்த மருத்துவர், இருவருடைய இடுப்பில் கன்றிப்போன நீலத் தடத்தைப் பார்த்தார். அதில் ஒரு பாட்டி, ஆயாவுக்குச் சம்பளம் போய்விடும் என்பதற்காகவே வலியைச் சொல்லாமல் நான்கு நாட்கள் படுத்திருந்தார். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் அறிவித்து, அதை நீங்களே முதல் சம்பவத்தில் நடத்திக் காட்டாவிட்டால், எந்தத் திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இப்போது உங்கள் ரிஜிஸ்டரைத் திறந்து பாருங்கள். ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார், காயமில்லை, கவனமாக இருக்கச் சொல்லப்பட்டது’ என்ற வகையில்தான் பெரும்பாலான பதிவுகள் இருக்கும். இதிலிருந்து எதையும் கற்க முடியாது. எத்தனை மணிக்கு, எங்கிருந்து எங்கே போகும்போது, காலில் என்ன செருப்பு, விளக்கு எரிந்ததா, தரை ஈரமா, அழைப்பு மணி கைக்கு எட்டியதா, கடைசியாக என்ன மாத்திரை எப்போது கொடுக்கப்பட்டது என்ற ஏழு விவரங்களை, விழுந்த அரை மணி நேரத்துக்குள், விழுந்தவரிடமும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். விடியற்காலை 4.40-க்கு விழுந்தவரின் தரை உலர்ந்தே இருந்திருக்கலாம். அவர் ஏன் அந்த நேரத்தில் எழுந்தார் என்று கேட்டால், சிறுநீர் கழிக்க. ஏன் இரவில் மூன்று முறை எழுகிறார் என்று கேட்டால், நீர் பிரிவதற்கான மாத்திரை மாலையில் கொடுக்கப்படுகிறது. ஏன் மாலையில் என்று கேட்டால், காலை ஷிப்டில் மாத்திரை கொடுக்க ஆள் போதவில்லை. ‘கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை இதில் எதைத் தீர்த்திருக்கும்? நேரத்தை மாற்றுவது மருத்துவரின் முடிவு. அவர் முன் இந்தத் தகவலை வைப்பது உங்கள் பொறுப்பு. தூக்க மாத்திரை எடுப்பவர்களின் பட்டியலையும் அப்போதே அவரிடம் கொடுங்கள். படுத்திருந்து எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அளவுக்கோ, கீழ் ரத்த அழுத்தம் 10 அளவுக்கோ இறங்குகிறதா என்று பார்ப்பதை நர்ஸே செய்யலாம்.

மாற்றங்களைச் சிறிதாகச் சோதியுங்கள். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்ட்டர் ஷூஹார்ட்டின் சிந்தனையிலிருந்து, தர மேலாண்மை அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் வளர்த்தெடுத்த சுழற்சி இதற்கானதுதான்: திட்டமிடு, செய்து பார், ஆராய், அதன்படி நட. ஓர் அறை, ஓர் ஆயா, மூன்று இரவுகள் போதும். நாங்கள் கட்டிலிலிருந்து குளியலறைவரை இரவு விளக்கு வைத்துப் பார்த்தபோது, வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று முதல் இரவே அதை அணைத்துவிட்டார் ஒரு தாத்தா. முழங்காலுக்குக் கீழே இறக்கி மாட்டிய பிறகுதான் அது விடியும்வரை எரிந்தது. எல்லா அறைகளுக்கும் வாங்கி மாட்டியிருந்தால், அத்தனை விளக்குகளும் அணைந்து கிடந்திருக்கும். குளியலறை வாசலில் கிடக்கும் பழைய துணி மிதியடிகளை எடுப்பது, தேய்ந்த ரப்பர் செருப்புகளை மாற்றுவது ஆகியவற்றுக்குச் சோதனை தேவையில்லை, இன்றே செய்யுங்கள்.

ஒரு மாதம் 9, அடுத்த மாதம் 6 என்றால் இனிப்பு வழங்க வேண்டாம். சின்ன எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். வாரந்தோறும் புள்ளி வைத்து வரைபடம் வரைந்து, தொடக்க வாரங்களின் இடைநிலை எண்ணை, அதாவது எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வருவதை, கோடாகக் கிழியுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகளாவது அக்கோட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று நம்பலாம். விழுதல்கள் அரிதாகிவிட்டால், இரண்டு விழுதல்களுக்கு இடையே எத்தனை நாட்கள் என்று எண்ணத் தொடங்குங்கள்.

இதோடு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. விழுதல்களைக் குறைக்க மிக எளிய வழி, யாரையும் நடக்க விடாமல் இருப்பதுதான். ‘நீங்க உட்காருங்க அப்பா, காபி நாங்க கொண்டு வர்றோம்’ என்ற அன்பான சொல்லே சில மாதங்களில் தொடைத் தசையைக் கரைத்து, அவரை நாற்காலியோடு பிணைத்துவிடும். ஆகவே எத்தனை பேர் உணவுக்கூடத்துக்குத் தாமே நடந்து வருகிறார்கள் என்பதையும் வாரம் ஒருமுறை எண்ணுங்கள். விழுதல் குறைந்து இந்த எண்ணும் குறைந்தால், நீங்கள் தரத்தை மேம்படுத்தவில்லை, அவர்களுடைய சுதந்திரத்தைப் பறித்திருக்கிறீர்கள்.

குழுவில் ஐந்தாறு பேர் போதும்: நர்ஸ், இரவு ஆயா, துப்புரவுப் பணியாளர், பராமரிப்பு மின்பணியாளர், நீங்கள், அவசியமாகக் குடியிருப்போரில் ஒருவர். வாரம் 20 நிமிடம், இரவு ஆயா வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் கூடுங்கள். அவருக்கு அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து, கணக்கு வைப்பது இவர்களுக்குப் பழகிய பின், அந்த 64-இலிருந்து இரண்டாவதை எடுக்கலாம். மருந்து மாறிப்போதல், எடை குறைதல் ஆகிய இரண்டில் எது முதலில் என்று அக்குழுவையே தீர்மானிக்க விடுங்கள்.