முகம் வரைகிறவர்களின் முதுகு: கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு 16 வருடமாக முகத்தில் வண்ணம் தீட்டும் வேலை செய்கிறேன். பள்ளி ஆண்டு விழா, ஓசூர் அபார்ட்மென்ட்களில் பிறந்தநாள், ஜூன் ஜூலையில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி நேரத்துக் கூட்டம், மாசியில் அம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழா என்று வருடம் முழுக்க யாராவது ஒருவருடைய முகம் என் முன்னால் இருக்கும். நான் டாக்டர் கிடையாது. ஆறாவது வருடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். அப்போது ஒரு பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்ததும், பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் என் கையிருப்பு. கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தங்கை: அக்கா, இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு விழா முடிந்தால் மறுநாள் காலையில் இடுப்பை நிமிர்த்த முடிவதில்லை. நின்றுகொண்டு வரைவது நல்லதா, உட்கார்ந்து வரைவதா?

இரண்டிலும் வலிக்கும் கண்ணு, எதிரே இருக்கிற முகம் தாழ இருந்தால். சாதாரண பிளாஸ்டிக் சேரில் ஐந்து வயதுக் குழந்தை உட்கார்ந்தால் அதன் முகம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கும். நீ நின்றால் அது உன் இடுப்புக்கு நேரே வரும். அப்புறம் குனியாமல் என்ன செய்வாய்?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பார், ஒரு நிமிடம் தாங்காது. குனிந்து வரையும்போது நம் தலையும் தோளும் அப்படி நீட்டிப் பிடித்த குடமாகிவிடுகின்றன. தலை மட்டுமே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அது முன்னால் போகப் போக, விழாமல் பிடித்து வைப்பதற்குக் கழுத்துத் தசையும் கீழ்முதுகுத் தசையும் இறுகி நிற்கின்றன. முதுகெலும்பு வட்டுகளின் முன்பக்கம் அழுத்தமும் ஏறுகிறது. ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் 40 முகத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இதே நிலை. கையில் இருப்பது பத்து கிராம் பிரஷ்தானே என்று நாம் நினைக்கிறோம். முதுகோ மூட்டை தூக்கிய கணக்கில் எழுதிக்கொள்கிறது.

அதனால் குழந்தையை உயர்த்து. முகம் உன் நெஞ்சுக்கும் மோவாய்க்கும் நடுவில் எங்காவது வர வேண்டும். சாய்மானம் உள்ள உயர நாற்காலி ஒன்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நான் நாலைந்து முகத்தை நின்று வரைவேன், அடுத்த நாலைந்தை ஸ்டூலில் உட்கார்ந்து வரைவேன். எந்த நிலையுமே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உட்காரும்போது முழங்காலை அகட்டிக்கொண்டு குழந்தைக்குப் பக்கத்தில் ஒட்டி வந்துவிடு. பாதம் முழுசாகத் தரையில் படட்டும்.

இன்னொன்று, இடது கன்னத்தை வரைய நீ வளைந்து போகாதே. "அந்த பலூனைப் பார் கண்ணு" என்றால் குழந்தை தானே முகத்தைத் திருப்பும். குனிவதோடு முறுக்குவதும் சேர்ந்தால்தான் இடுப்பு பிடிக்கிறது. எனக்கு அப்படித்தான் பிடித்தது. கீழே விழுந்த ஸ்பாஞ்சை உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் எட்டி எடுத்தேன், அவ்வளவுதான். வண்ணப்பெட்டியும் தண்ணீர் டம்ளரும் வரைகிற கைப்பக்கம், முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கீழே வைக்கவே வைக்காதே.

ராயக்கோட்டைத் தம்பி: உயர நாற்காலிக்கு இப்போது காசில்லை. எங்கள் ஊரில் தக்காளி கிரேட் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். அதை வைத்துச் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் அதன் மேல் நீங்கள் உட்காராதீர்கள். ஓரடி உயரம்தான் இருக்கும். முழங்கால் இடுப்பைவிட மேலே போய் முதுகு கூனிக்கொள்ளும். கிரேட்டின் மேல் சேரை ஏற்றிக் குழந்தையை உட்கார வைப்பதும் வேண்டவே வேண்டாம், ஒரு கால் வழுக்கினால் போதும்.

இரண்டு கிரேட்டைக் கவிழ்த்து அடுக்கி, மேலே பலகை போட்டு வண்ணப்பெட்டி வையுங்கள். ஒன்றைக் குழந்தையின் காலுக்கடியில் போடுங்கள். கால் தொங்கினால் குழந்தை ஆட்டிக்கொண்டே இருக்கும், நாமும் அதன் பின்னாலேயே வளைந்துகொண்டிருப்போம். உயரத்துக்கு, பந்தல்காரரிடம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் சேர் நான்கைந்து வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிடுங்கள். ஒவ்வொரு சேருக்கும் இரண்டு விரற்கடையாவது ஏறும். ஆடுகிறதா என்று முதலில் நீங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அம்மா: இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் அம்மா மடியை விட்டு இறங்குவதில்லை. அந்த முகங்கள்தான் என் முதுகை உடைக்கின்றன.

மடியில் வைத்து வரையச் சம்மதிக்காதீர்கள். அம்மாவை எழுந்து நின்று குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தையின் முகம் அம்மாவின் தோள் உயரத்துக்கு வந்துவிடும், நீங்கள் நேராக நின்றபடியே வரையலாம். அம்மாவின் கை வலிக்க ஆரம்பிப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் வேலையும் சுருக்கமாக முடியும்! மூன்று வயதுக்குக் கீழே என்றால் நான் முகத்தையே தொடுவதில்லை. புறங்கையில் ஒரு மாம்பழமோ கிளியோ வரைந்து அனுப்பிவிடுகிறேன். குழந்தைக்கும் அதுதான் பிடிக்கிறது, தானே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா.

பென்னாகரம் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர்: நாற்பது வருடமாகப் பாயில் சம்மணம் போட்டுப் பையன்களுக்கு அரிதாரம் பூசுகிறேன். இப்போது எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு ஸ்டூல் எல்லாம் சரிப்படாதும்மா.

ஐயா, உங்களுக்கு நான் சொல்லித்தருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஸ்டூல் வேண்டாம், தரையிலேயே இருங்கள். நீங்கள் நாலு விரற்கடை உயரமுள்ள மணையில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருந்தால் முதுகு தானாக நிமிரும். பின்னால் கொட்டகைக் கம்பமோ வேஷப்பெட்டியோ சாயக் கிடைத்தால் இன்னும் நல்லது. வேஷம் கட்டுகிற பையனுக்கு உங்களுடையதைவிட உயரமான மணை கொடுங்கள். வாத்தியாரைவிட உயரத்தில் உட்காருவதா என்று கூச்சப்படுவான், நீங்களே சொன்னால் உட்காருவான்.

கேரளத்தில் கதகளிக்குச் சுட்டி, அதாவது முகத்தைச் சுற்றி வருகிற வெள்ளை விளிம்பு, ஒட்டும்போது நடிகர் மல்லாந்து படுத்துவிடுவார், சுட்டிக்காரர் அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து வேலை செய்வார். நம் கூத்தில் பெரிய வேஷக்காரர்கள் கண்ணாடி பார்த்துத் தாங்களே பூசிக்கொள்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு குனிவதுதான் வம்பு. கம்பத்தில் முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். அரை மணிக்கு ஒரு முறை காலை நீட்டி மடக்குங்கள். எழும்போது ஒரு முழங்காலை ஊன்றி, தொடையில் கை கொடுத்து எழுந்திருங்கள், நேரே எம்பாதீர்கள்.

தர்மபுரி, வயது 46: உயரமான சேர் போட்டுவிட்டேன், நிமிர்ந்துதான் உட்காருகிறேன். ஆனாலும் கழுத்தும் தோளும் எரிகின்றன. ஏன்?

கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரட்டை வில்லை உள்ள கண்ணாடியாக இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். எதிரில் இருக்கிற நெற்றியைக் கீழ் வில்லை வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குகிறோம். மணிக்கணக்கில் அப்படி இருந்தால் கழுத்து எரியாமல் என்ன செய்யும்? கண் பரிசோதிக்கும்போது, "ஒன்றரை அடி தூரத்தில் வேலை செய்கிறேன், அதற்கு மட்டும் ஒரே பார்வைக் கண்ணாடி வேண்டும்" என்று சொல்லி வாங்குங்கள். கண்ணாடியே போடாதவர் என்றாலும் 40 தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடும், சோதித்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தையும் பாருங்கள். குழந்தையின் முதுகுப்பக்கம் வெயில் அடித்தால் முகம் இருண்டுபோய், நம்மை அறியாமலே மூக்கை நீட்டிக்கொண்டு கிட்டே போகிறோம். சாமியானாவில் இடம் பிடிக்கும்போதே, வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழுகிற மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

ஓசூர்: இடுப்புப் பெல்ட் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா? விழாவுக்கு முன்னாடியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறேன், தப்பா?

பெல்ட்டை வலி அதிகமான நாட்களில் கொஞ்ச நேரம் போடலாம், அதுவும் டாக்டர் சொன்னால். தினமும் கட்டிக்கொண்டால் அதை நம்பியே இருந்துவிடுவோம். மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், தப்புதான். அடிக்கடி போட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அது மட்டுமல்ல, நிறுத்து என்று முதுகு சொல்வது காதில் விழாமல் இன்னும் 20 முகம் வரைந்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர்த் தம்பி: மயானக் கொள்ளைக்கு ஒரே ராத்திரியில் 30 பேருக்குக் காளி வேஷம் போட வேண்டும். முகம் மட்டுமா, நெஞ்சு, கை, முதுகு எல்லாம். விடிவதற்குள் தோள்பட்டை கழன்று விழுகிறது.

வளர்ந்த ஆளை நிற்க வைத்து முகம் எழுதினால் கை தோளுக்கு மேலேயே நிற்கும். அதனால் முகத்துக்கு உட்கார வை, உடம்புக்கு நிற்க வை. வயிறு, தொடைக்கு வரும்போது குனியாதே, பழைய சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் ஒரு முழங்காலில் மண்டியிடு. பெரிய பரப்புக்கு நீளக் கைப்பிடியுள்ள அகலப் பிரஷ் எடு. இரண்டு பேர் இருந்தால், ஒருவர் முகம் மட்டும், மற்றவர் உடம்பு மட்டும் என்று விடியும் வரை இழுக்காமல், ஐந்து ஆளுக்கு ஒரு முறை மாறிக்கொள்ளுங்கள். சிவராத்திரி முடிந்த கையோடு மயானக் கொள்ளை நடக்கிற அமாவாசை வந்துவிடும். இரண்டு ராத்திரி தூங்காத உடம்போடு பிரஷைத் தொடாதே தம்பி, முந்தின நாள் மதியமாவது நாலு மணி நேரம் தூங்கு.

காரிமங்கலம்: நடுவில் ஓய்வு எடுங்கள் என்கிறார்கள். வரிசையில் 25 குழந்தைகள் நிற்கும்போது எப்படி எழுந்து போவது?

முகத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேசினால் எழுந்து போக மனசே வராது. அதனால் நான் மணிக்கு இவ்வளவு என்று பேசி, அதில் 50 நிமிடம்தான் வரைவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இன்று வரை ஒருவரும் மறுத்ததில்லை. வரிசையை ஒழித்து டோக்கன் கொடுங்கள். எதிரே யாரும் முறைத்துக்கொண்டு நிற்காவிட்டால் நமக்கும் பதற்றம் குறையும். இரண்டு முகத்துக்கு நடுவில் அரை நிமிடம் போதும். எழுந்து நின்று, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள். மோவாயை உள்ளே இழுத்து ஐந்து எண்ணி விடுங்கள். பிரஷ் கழுவுகிற சாக்கில் செய்துவிடலாம்.

வீட்டில் புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது), சேது பந்தாசனம் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது), பூனை மாதிரி முதுகை ஏற்றி இறக்குவது, அரை மணி நேர நடை. நான் வாரத்தில் ஐந்து நாள் செய்கிறேன், மாங்காய் சீசனில் மூன்று நாள்தான் முடிகிறது.

பென்னாகரத்திலிருந்து இன்னொருவர்: விழா இல்லாத வாரத்தில் கூட முதுகு விறைப்பாகவே இருக்கிறது. வேலையால்தானா?

வேலையால் வரும் வலி இரண்டு மூன்று நாள் ஓய்வில் தணியும். ஓய்வு என்றால் படுத்தே கிடப்பதில்லை, நடமாடிக்கொண்டிருக்க வேண்டும். உங்களுக்குத் தணியவில்லை என்பதால் வேறொன்றைக் கேட்கிறேன்: சின்ன வயதிலிருந்து போர்வெல் தண்ணீரா குடித்தீர்கள்? நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். அளவு இன்னும் கூடினால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து முதுகும் கழுத்தும் விறைக்கும். நாற்காலியை மாற்றி அதைச் சரி செய்ய முடியாது. டாக்டரிடம் போகும்போது தண்ணீர் விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஒன்று: வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்துப்போனால் நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனால், அன்றைக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் நேரத்தை விடாதீர்கள்.

ஊத்தங்கரை: அக்கா, உங்கள் உயர நாற்காலியை எங்கே வாங்கினீர்கள்? அளவு சொல்ல முடியுமா?

வாங்கவில்லை, வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. உட்காரும் பலகை இரண்டேகால் அடி உயரம், ஓரடிக்கு ஓரடி. பின்னால் சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி. குழந்தை கால் வைக்க, பலகையிலிருந்து ஓரடி கீழே முன்பக்கம் ஒரு பட்டை. நாலு காலும் கீழே போகப் போக வெளியே விரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை சாய்ந்ததும் கவிழும். அடியில் ரப்பர் குமிழ். இரும்புச் சட்டத்துக்குப் பதில் மெல்லிய குழாய் போடச் சொல்லுங்கள், தூக்கிக்கொண்டு பஸ் ஏறப்போவது நாம்தான். அளவைச் சொன்னதும் பட்டறைக்காரர், "ஏம்மா, இதுல கொக்கா உட்காரப் போகுது?" என்று கேட்டார்.