தெரிந்த வினைச்சொல்தான், ஆனாலும் தடுக்குகிறது: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ஓரளவு தேறி, அடுத்த படிக்குப் போக முயல்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் இந்தப் படியை பி2 என்பார்கள். எல்லாமே அன்றாட வினைச்சொற்களைப் பற்றியவை.

கேள்வி: டீச்சர், கட்டுரைகள் படிக்கும்போது பெரிய பெரிய சொற்கள்கூடப் புரிகின்றன. பேச வாயைத் திறந்தால் கெட், டேக், புட் மாதிரி சின்னச் சொற்களில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஏன் இப்படி?

பெரிய சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். சின்னச் சொல்லுக்கு நூறு வேலை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் திருத்திய பதிவில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 600க்கும் மேற்பட்ட பொருள்கள் உண்டு. அதை யாரும் பட்டியல் போட்டுக் கற்பதில்லை, ஆங்கிலேயர்களும்தான்.

நம் ‘அடி’யைப் பாருங்கள். காற்று அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, போன் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. நாம் நீச்சல் அடிக்கிறோம், பெயிண்ட் அடிக்கிறோம், கண்ணடிக்கிறோம், காப்பியடிக்கிறோம். இதில் எங்கே அடி விழுகிறது? ‘நீச்சல் அடி’ என்று சேர்த்தே காதில் விழுந்ததால் சேர்த்தே நாக்கில் வருகிறது. கெட், டேக், மேக் எல்லாம் இதே ஜாதிதான். வினையைத் தனியாகப் பிரித்து அதன் பொருள் என்ன என்று கேட்கும் வரை தடுமாற்றம் தீராது. எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் ‘கெட்’டுக்குப் பொதுவான பிடிமானம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதுதான் அதன் அடிநாதம். கையில் இல்லாதது கைக்கு வருகிறது: ‘ஐ காட் எ லெட்டர்’. வெளியே இருந்தவர் வீட்டுக்கு வந்து சேர்கிறார்: ‘ஷி காட் ஹோம்’. சும்மா இருந்தவருக்குக் கோபம் வருகிறது: ‘ஹி காட் ஆங்ரி’.

கடைசி உதாரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘கோபமாக இருந்தார்’ என்றால் ‘வாஸ் ஆங்ரி’. ‘கோபம் வந்துவிட்டது’ என்றால் ‘காட் ஆங்ரி’. மனநிலையையோ உடல்நிலையையோ பற்றிப் பேசும்போது தமிழில் ‘வந்தது’ என்று வாய்க்கு வந்தால், ஆங்கிலத்தில் பல நேரம் ‘கெட்’ பொருந்தும். தூக்கம் வந்தது, சலிப்பு வந்தது, பதற்றம் வந்தது: காட் ஸ்லீப்பி, காட் போர்ட், காட் நெர்வஸ். ஆனால் முறையான கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் ‘கெட்’டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரிசீவ், அரைவ், பிகம் என்று இடத்துக்குத் தகுந்த சொல்தான் எடுபடும்.

கேள்வி: முடி வெட்டிக்கொண்டு வந்தேன் என்பதை ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னேன். “நீயே வெட்டிக்கொண்டாயா?” என்று கேட்டுவிட்டார்கள். எங்கே தப்பு?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். மேல்நிலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அமைப்பு குறைவு.

தமிழில் ‘வெட்டிக்கொண்டேன்’ என்றால் கத்தரி யார் கையில் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ‘வீடு கட்டினேன்’ என்றாலும் அப்படித்தான், கொத்தனார் கட்டினார் என்று புரிந்துவிடும். ஆங்கிலத்தில் பிறரைக் கொண்டு செய்ததைக் காட்டத் தனி அமைப்பு இருக்கிறது. முதலில் ஹேவ், அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்: ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’.

வரிசை ரொம்ப முக்கியம். ‘கட்’டை முன்னே தள்ளி ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்று சொல்லிப் பாருங்கள். அதே சொற்கள்தான், ஆனால் பொருள் ‘நானே அதற்கு முன்பே வெட்டியிருந்தேன்’ என்று மாறிவிடும். ஹேவுக்குப் பதில் கெட் போடலாம், பேச்சுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்: ‘ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்’.

செய்தவரையும் சொல்ல வேண்டுமா? அங்கே இரண்டும் பிரிகின்றன. ‘ஐ ஹேட் தி எலக்ட்ரீஷியன் செக் தி வயரிங்’, இதில் ‘டு’ கிடையாது. ‘ஐ காட் தி எலக்ட்ரீஷியன் டு செக் தி வயரிங்’, இதில் ‘டு’ கட்டாயம். மேக், லெட் இரண்டுக்கும் ‘டு’ வராது: ‘ஷி மேட் மி வெயிட்’. ஆனால் அதையே செயப்பாட்டுவினையாகத் திருப்பினால் ‘டு’ திரும்ப வந்து உட்காரும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. இந்த ஒரு இடத்தைத் தேர்வுத்தாள்களில் விரும்பிக் கேட்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. இதே அமைப்பு நமக்கு நேர்ந்த கெட்டதையும் சொல்லும். ‘ஐ ஹேட் மை பேக் ஸ்டோலன்’ என்றால் ஆள் வைத்துத் திருடச் சொன்னேன் என்றா பொருள்? இல்லை, என் பை திருட்டுப் போய்விட்டது என்று பொருள்.

கேள்வி: மேக், டூ இரண்டில் எது எங்கே? விதி ஏதாவது சொல்லுங்கள் மேடம்.

புதிதாக ஒன்று உருவானால் மேக், வேலையைச் செய்தால் டூ என்பார்கள். பாதி தூரம்தான் கைகொடுக்கும். மீதிக்குப் பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் பழகுவதே வழி. மேக் எ மிஸ்டேக், மேக் எ டெசிஷன், மேக் ஆன் எஃபர்ட், மேக் புராக்ரஸ். டூ ஹோம்வொர்க், டூ ரிசர்ச், டூ சம்படி எ ஃபேவர், டூ யுவர் பெஸ்ட். ‘தப்பு செய்தேன்’ என்று தமிழில் யோசிப்பதால் ‘டூ எ மிஸ்டேக்’ வந்துவிடுகிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.

கேள்வி: சே, டெல் இரண்டுமே ‘சொல்’தானே?

டெல் என்றால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும்: ‘ஹி டோல்ட் மி’. சே என்றால் சொன்ன விஷயம் முன்னால் நிற்கும், ஆளைச் சொல்வதானால் ‘டு’ போட்டுச் சொல்லலாம்: ‘ஹி செட் சம்திங் டு மி’. ‘ஹி செட் மி’ வரவே வராது. டெல் தி ட்ரூத், டெல் எ லை, டெல் தி டிஃபரன்ஸ் ஆகியவை நிலைத்துப்போன தொடர்கள், அங்கே ஆள் இல்லாமலே டெல் நிற்கும்.

கேள்வி: ஃப்ரேஸல் வெர்ப் 500ஐ மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா அக்கா?

வேண்டாம். ஃப்ரேஸல் வெர்ப் என்பது வினையோடு அப், ஆன், ஆஃப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வரும் தொடர்தான். மனப்பாடம் செய்த வரிசையில் ஒப்பிக்க வரும், பேச்சில் வராது.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் துணைவினைகள் இதே வேலையைச் செய்கின்றன. ‘சாப்பிடு’ வேறு, ‘சாப்பிட்டுவிடு’ வேறு. அந்த ‘விடு’ எதையும் விடச் சொல்லவில்லை, முழுசாக முடி என்கிறது. ‘ஈட் அப்’பில் உள்ள ‘அப்’பும் அப்படித்தான், மேலே போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ட்ரிங்க் அப், யூஸ் அப், டைடி அப் எல்லாவற்றிலும் முடித்துவிடும் அந்தத் தொனி கேட்கும். அதுபோல கேரி ஆன், கீப் ஆன், கோ ஆன் ஆகியவற்றில் ‘ஆன்’ என்றால் ‘தொடர்ந்துகொண்டே’. துகள் எனப்படும் இந்தச் சின்னச் சொல்லின் மணம் பிடிபட்டால் பாதிச் சுமை குறையும். கிவ் அப், மேக் அப் மாதிரி இதற்குள் எளிதில் அடங்காதவற்றை வாக்கியத்தோடுதான் பிடிக்க வேண்டும்.

இட், தெம் மாதிரி சுட்டுச் சொல் வந்தால், பிரியக்கூடிய வினையில் அது நடுவில்தான் போகும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ தவறு. லுக் ஆஃப்டர் போன்றவை பிரியாதவை, அதனால் ‘லுக் ஆஃப்டர் இட்’.

கேள்வி: ‘ஐ குட் கேட்ச் தி பஸ் யெஸ்டர்டே’ என்பதைத் தவறு என்கிறார்கள். ‘முடிந்தது’ என்றால் ‘குட்’ தானே?

பொதுவான திறமைக்கு ‘குட்’ சரி: ஐந்து வயதிலேயே எனக்கு நீந்த வரும், ‘ஐ குட் ஸ்விம் வென் ஐ வாஸ் ஃபைவ்’. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் முயன்று சாதித்ததற்கு ‘மேனேஜ்ட் டு’ அல்லது ‘வாஸ் ஏபிள் டு’. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தீர்கள் என்றால் ‘ஐ மேனேஜ்ட் டு கேட்ச் தி பஸ்’. சிரமப்பட்டுச் செய்தேன் என்ற அந்த மூச்சிரைப்பும் அதில் சேர்ந்தே வரும். எதிர்மறையில் இந்தக் கவலை இல்லை, ‘குடன்ட் கேட்ச்’ தாராளமாகச் சொல்லலாம். சீ, ஹியர், ஸ்மெல் போன்ற புலன் வினைகளுக்கும் ‘குட்’ பொருந்தும்.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ தவறாமே?

ஆமாம். டிஸ்கஸுக்குப் பின்னால் நேராக விஷயம் வரும். ‘எக்ஸ்பிளெய்ன் மி’, ‘சஜஸ்ட் மி எ புக்’ இரண்டையும் சேர்த்தே விடுங்கள். ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மி’, ‘சஜஸ்ட் எ புக்’ போதும்.

கேள்வி: ரைஸ், ரெய்ஸ் குழப்பம் தீரவே இல்லை.

எழு, எழுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். தானாக எழுவது ரைஸ்: விலை ஏறியது, ‘பிரைசஸ் ரோஸ்’. ஒருவர் எழுப்புவது ரெய்ஸ்: கடைக்காரர் விலையை ஏற்றினார், ‘ரெய்ஸ்ட் தி பிரைஸ்’. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். லை, லே இரண்டும் இப்படிப்பட்ட ஜோடிதான்: கிடப்பது லை, கிடத்துவது லே. சிக்கல் என்னவென்றால், ‘லை’யின் இறந்தகால வடிவமும் ‘லே’தான். ‘ஹி லே ஆன் தி பெட்’ என்றால் அவர் படுத்திருந்தார். ‘ஹி லெய்ட் தி பேபி ஆன் தி பெட்’ என்றால் குழந்தையைப் படுக்க வைத்தார். பின்னால் ஒரு பொருள் வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: குறிப்பேட்டில் எப்படி எழுதி வைப்பது?

எதிரே தமிழ்ப் பொருள் எழுதும் பழக்கத்தை மட்டும் இந்த நிலையில் விட்டுவிடுங்கள். ‘டேக்: எடு’ என்று எழுதினால் டேக் எ பிரேக், டேக் ப்ளேஸ், டேக் இட் சீரியஸ்லி எதற்கும் அது உதவாது. பக்கத்துக்கு ஒரு வினை. கண்ணில் பட்ட தொடரை முழு வாக்கியமாக எழுதுங்கள், கீழே உங்கள் வாழ்க்கையில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம். கற்பவர்களுக்கென்று தயாரித்த ஆங்கில அகராதி ஒன்று கட்டாயம் தேவை. லாங்மன் 1978இல் கொண்டுவந்த அகராதி சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியது. அவ்வகை அகராதிகள் எது எதோடு சேரும் என்பதையும் காட்டிவிடும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ‘ஸ்டாப்ட் டு டாக்’, ‘ஸ்டாப்ட் டாக்கிங்’ இரண்டும் ஒன்றா?

நேர் எதிர். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேச்சை நிறுத்தினார். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் நடந்துகொண்டிருந்தவர் பேசுவதற்காக நின்றார். ரிமெம்பரும் இப்படித்தான். ‘ஐ ரிமெம்பர்ட் டு லாக் தி டோர்’ என்றால் மறக்காமல் பூட்டினேன். ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்’ என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. ‘டு’ இனி செய்ய வேண்டியதை நோக்கும், ‘இங்’ ஏற்கெனவே செய்ததை நோக்கும். ஃபர்கெட், ரிக்ரெட் இரண்டையும் இதே கோணத்தில் நீங்களே வாக்கியம் அமைத்துப் பாருங்கள். ‘ட்ரை’ மட்டும் வேறு கணக்கு: ‘ட்ரை டு ஓபன்’ என்றால் திறக்கப் பாடுபடுவது, ‘ட்ரை ஓபனிங்’ என்றால் திறந்துதான் பார்ப்போமே என்பது.