ஹம்பி குன்றுக் கோவில்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஹம்பியில் குன்றின் மேலிருக்கும் கோவில்களில் எவற்றுக்கு அழைத்துப் போகலாம்? இரண்டு நாள் தங்குகிறோம்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: மால்யவந்தம், ஹேமகூடம் இரண்டும் போதும். மால்யவந்த ரகுநாதர் கோவில் கம்ப்ளி சாலையில் இருக்கிறது. ஆட்டோ மேலேயே போகும். ராமர் மழைக்காலம் கழியும்வரை காத்திருந்த இடம் என்பது ஐதீகம். கருவறை ஒரு பெரும்பாறையோடு ஒட்டியது, விமானம் அந்தப் பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கும். சுவர்களில் மீன்களைத் தேடச் சொல்லுங்கள், அம்மாவுக்குப் பொழுது போகும்.

ஹேமகூடம் விரூபாட்சர் கோவிலுக்குத் தெற்கே ஒட்டியே இருக்கிறது. பெரும்பாலும் சரிவான வெறும்பாறை. ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் முழங்கால் பிடிக்கும். கைத்தடியோடு, நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக இறங்கட்டும். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும்; மாலை நான்கரைக்குப் போங்கள். சூடு தாங்கவில்லை என்று சாக்ஸோடு நடப்பவர்கள்தான் வழுக்கி விழுகிறார்கள். பூஜை நடக்கும் சன்னதி வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றினால் போதும். கையில் பாலிதீன் பை வேண்டாம், அந்தச் சரசரப்புக்கே குரங்கு வரும்.

மதங்க மலைக்கு நீங்கள் மட்டும் விடியலில் போய் வாருங்கள். உச்சியில் வீரபத்திரர். ஒற்றைக்கல் நந்திப் பக்கத்துப் பாறைவழி குழப்பும். படிக்கட்டு வழியைக் கேட்டு, டார்ச்சோடு, துணையோடு ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் 1534ல் எழுந்த அச்சுதராயர் கோவில் வரைபடம் போலக் கிடக்கும்: இரண்டு பிராகாரம், வடக்கே ஆற்றை நோக்கி ஓடும் கடைத்தெரு. கீழே நின்றால் இது பிடிபடாது.

அனுமன் பிறந்த குன்று என்று சொல்லப்படும் அஞ்சனாத்ரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, 575 படி. அம்மாவோடு வேண்டாம். துங்கபத்ரா அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலும் ஓடாது, சாலையில் சுற்றித்தான் அக்கரை போக வேண்டும்.

கேள்வி: ஹேமகூடத்தில் படிப்படியான கூரையோடு நிற்பவை சமணக் கோவில்கள் என்று வழிகாட்டி சொன்னாரே?
- வாசகர், ஓசூர்

பதில்: பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள், தவறு. அவை சிவன் கோவில்கள். ஒன்றில், விஜயநகரத்துக்கு முன் இங்கே ஆண்ட கம்பிலி அரசர் தன் பெற்றோர் நினைவாக லிங்கங்கள் நிறுவியதைக் கல்வெட்டே சொல்கிறது. விஜயநகரம் தோன்றிய 1336க்கு முந்தையது அது. குழப்பத்துக்குக் காரணம் கூரை. அதே கருங்கல் படிக்கூரை கமலாப்பூர் அருகே கணகித்தி கோவிலிலும் உண்டு, அது அசல் சமணக் கோவில். 1385ல் அதைக் கட்டியவர் விஜயநகரத் தளபதி இருகப்பர். காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் எழுப்பியவரும் அவரே. கூரையை விட்டுவிட்டு நிலைவாசலின் மேல்சட்டத்தைப் பாருங்கள்: சமணக் கோவிலானால் அங்கே தீர்த்தங்கரர் அமர்ந்திருப்பார்.