ஒரே தெருவில் இரண்டு மைதானம்

வணக்கம் சார்,

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துக் கால்பந்து பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மேப்பில் தேடிப் பார்த்தேன். டண்டீ எஃப்சியின் டென்ஸ் பார்க்கும், டண்டீ யுனைடெட்டின் டானடைஸ் பார்க்கும் நிஜமாகவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஊரின் ஜனத்தொகையே ஒன்றரை லட்சம்தான். அதில் இரண்டு கிளப் எதற்கு? இரண்டையும் இணைத்துவிட்டால் கிளாஸ்கோவின் பெரிய கிளப்புகளான செல்டிக், ரேஞ்சர்ஸோடு மோதும் அளவுக்கு ஒரு நல்ல அணி கிடைக்காதா? இன்னொன்று, 2016இல் யுனைடெட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியபோது டண்டீ ரசிகர்கள் போட்ட ஆட்டத்தை வீடியோவில் பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரன் விழுந்தால் இப்படியா கொண்டாடுவது? மனசு கசந்துவிட்டது. நீங்கள் எந்தப் பக்கம் என்றும் சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

கணக்காகப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். இரண்டு மைதானங்களுக்கும் நடுவில் 200 மீட்டர் இருந்தால் அதிகம். பிரிட்டனில் இவ்வளவு நெருக்கமாக வேறு இரண்டு தொழில்முறை கிளப்புகளின் மைதானங்கள் கிடையாது. இரண்டு கூரை, இரண்டு செட் விளக்குகள், இரண்டு மடங்கு செலவு. ஒரு கணக்காளரிடம் கேட்டால் ஒன்றை மூடு என்றுதான் சொல்வார்.

இணைப்பே நடக்காத காரியம் என்றும் நான் சொல்லமாட்டேன். அதே ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் நகரத்தின் கலிடோனியனும் திஸிலும் 1994இல் ஒன்றாயின. இரண்டு பக்கமும் ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் அந்தப் புதிய கிளப் 2015இல் ஸ்காட்டிஷ் கோப்பையையே வென்றது. ஆனால், அங்கே இரண்டுமே அதுவரை தேசிய லீக்குக்குள் நுழையாத கிளப்புகள். சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்ற நிலைமை. டண்டீயின் கதை அப்படி இல்லை.

1990இல் எடின்பரோவில் நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பொருத்தமான உதாரணம். ஹார்ட்ஸ் கிளப்பின் தலைவர் வாலஸ் மெர்சர், அதே ஊரின் ஹிபர்னியனை விலைக்கு வாங்கி இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தார். நீங்கள் சொன்ன அதே காரணம்தான் அவரும் சொன்னார்: கிளாஸ்கோ கிளப்புகளுக்குச் சமமாக ஒரு பெரிய அணி. ஹிப்ஸ் (ஹிபர்னியனின் செல்லப்பெயர்) ரசிகர்கள் 'ஹிப்ஸ் மேல் கை வைக்காதே' என்று தெருவில் இறங்கினார்கள். திட்டம் படுத்துவிட்டது. காணாமல் போயிருக்க வேண்டிய அந்த ஹிப்ஸ், 1991இல் லீக் கோப்பையைத் தூக்கியது. மெர்சர் ஜெயித்திருந்தால் அந்தக் கோப்பையை யார் தூக்கியிருப்பார்கள்?

இனி டண்டீக்கு வருகிறேன். யுனைடெட் 1909இல் 'டண்டீ ஹிபர்னியன்' என்ற பெயரில் தொடங்கிய கிளப். ஊரின் சணல் ஆலைகளுக்குப் பிழைப்புத் தேடி வந்த ஐரிஷ் மக்களின் அணி. (வங்காளத்துச் சணல்தான் கப்பலேறி அங்கே போனது.) 1923இல் பெயரை மாற்ற நினைத்தபோது முதலில் 'டண்டீ சிட்டி' என்று வைக்கப் பார்த்தார்கள். 1893இலிருந்தே இருக்கும் டண்டீ எஃப்சி அதை எதிர்த்தது. அதனால்தான் 'யுனைடெட்' வந்தது. அதாவது இந்தக் கிளப்பின் பெயரில் கூடப் பக்கத்து வீட்டுக்காரரின் கை இருக்கிறது.

ஐரிஷ் வேர் இருந்தும், கிளாஸ்கோவில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பிரிந்ததுபோல மதம் இங்கே ஊரை இரண்டாகப் பிளக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. டெர்பி நாளில், அதாவது இரண்டு கிளப்பும் மோதும் நாளில், அந்தத் தெருவில் ஒருமுறை நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு அப்பாவும் பத்து வயது மகளும் மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்தில் டண்டீயின் கருநீல மஃப்ளர், அவள் கழுத்தில் யுனைடெட்டின் ஆரஞ்சு. குளிருக்கு அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். நுழைவாயில் வந்ததும் கையை விட்டார். அவள் மாமாவோடு ஒரு பக்கம் போனாள், அவர் தனியாக மறுபக்கம். இரண்டு மணி நேரம் அவர்கள் எதிரிகள். அப்புறம் அதே மேட்டில் ஒன்றாக இறங்க வேண்டும். இணைத்துவிட்டால் இந்த வீட்டுக்கு என்ன மிஞ்சும், சொல்லுங்கள்.

யுனைடெட்டின் பெரிய நாட்கள் எங்கே நடந்தன என்று பாருங்கள். அவர்களுடைய முதல் பெரிய கோப்பை 1979 டிசம்பரில் கிடைத்தது. லீக் கோப்பை இறுதியின் மறு ஆட்டத்தில் அபர்தீனை 3-0 என்று வென்றார்கள். ஆடிய இடம் டென்ஸ் பார்க். அடுத்த வருஷமும் அதே கோப்பை, அதே 3-0, அதே டென்ஸ் பார்க். இந்த முறை எதிரில் நின்றது டண்டீயேதான். மூன்றாவதாக 1983 மே 14. லீக்கின் கடைசி நாள். செல்டிக்கும் அபர்தீனும் ஒரே ஒரு புள்ளி பின்னால் முட்டிக்கொண்டு நிற்க, யுனைடெட் வென்றே ஆக வேண்டிய ஆட்டம், மறுபடியும் டென்ஸ் பார்க்கில், டண்டீக்கு எதிராக.

நாலாவது நிமிஷம் வாக்கில் யுனைடெட்டின் ரால்ஃப் மில்ன் பந்தோடு ஓடி வருகிறார். கோலுக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. கீப்பர் கோட்டை விட்டு இரண்டடி முன்னால் நிற்பது அவர் கண்ணில் படுகிறது. ஓங்கி உதைக்கவில்லை, காலால் பந்தின் அடியைச் சுரண்டித் தூக்கிவிடுகிறார், அவ்வளவுதான். பந்து கீப்பரின் தலைக்கு மேலே ஏறி, அவருக்குப் பின்னால் இறங்கி வலைக்குள் விழுகிறது. அப்புறம் யுனைடெட்டுக்கு ஒரு பெனால்டி. பேனன் அடித்ததைக் கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை பேனனே உள்ளே தள்ளினார். டண்டீ ஒன்று திருப்பியது. 2-1. யுனைடெட்டின் வரலாற்றில் இன்றுவரை ஒரே லீக் பட்டம் அது. வெற்றி பெற்ற மேனேஜர் ஜிம் மெக்லீன் 1971 டிசம்பரில்தான் டண்டீயின் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு அதே தெருவில் இறங்கி டானடைஸுக்கு வந்தவர்!

இப்போது நீங்கள் பார்த்த வீடியோ. 2016 மே 2. அதே டென்ஸ் பார்க். யுனைடெட் முன்னிலையில் இருந்தது, டண்டீ சமன் செய்தது, 90 நிமிஷம் தாண்டிச் சேர்த்த நேரத்தில் கிரெய்க் வைட்டன் என்ற இளைஞர் கோல் போட்டார். 2-1. யுனைடெட் கீழே போயிற்று. 33 வருஷம் முன்பு தங்கள் வீட்டுக் கூடத்திலேயே பட்டத்தை வாங்கிக்கொண்டு போனவர்களை அதே கூடத்திலிருந்து கீழே அனுப்பிய நாள் அது. அந்தக் கடனைத் தீர்க்கும்போது குதிக்காமல் எப்படி இருப்பார்கள்? அதைக் கொடூரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் அடுத்த மூன்று சீசன் லீக்கில் டெர்பியே இல்லை. டண்டீ மேலே, யுனைடெட் கீழே. சந்தோஷப்பட்டவர்களே காலண்டரைப் பார்த்து, அந்த நாள் இல்லாமல் சீசன் சப்பென்று இருக்கிறதே என்று சொன்னார்கள். 2019இல் டண்டீயும் இறங்கியது. ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை இரவு, டானடைஸில் லீக் டெர்பி திரும்பி வந்தது. இரண்டாம் டிவிஷன் ஆட்டம்தான், இருந்தும் மைதானம் நிரம்பி வழிந்தது. யுனைடெட் 6-2.

'நல்ல அணி கிடைக்காதா' என்று கேட்டீர்கள். டண்டீ 1962இல் லீக் சாம்பியன். அடுத்த சீசனில் ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியின் கொலோன் அணியை 8-1 என்று நொறுக்கி அரையிறுதி வரை போனது. யுனைடெட்டும் 1984இல் அதே கோப்பையின் அரையிறுதியில் ஆடியது. பார்சிலோனாவோடு ஐரோப்பியப் போட்டிகளில் மோதிய நாலு ஆட்டத்திலும் யுனைடெட் வென்றிருக்கிறது. ஒன்றரை லட்சம் பேர் உள்ள ஊர், தனித்தனியாக இருந்துகொண்டே இவ்வளவு செய்திருக்கிறது. மெக்லீன் அந்த அணியைக் கட்டியபோது தெருவின் மறுகோடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் கட்டினார். அந்தச் சத்தம் இல்லாத டண்டீயில் அப்படி ஒரு அணி உருவாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நான் ஆரஞ்சுப் பக்கம். மில்ன் போட்ட அந்த கோலை முதல்முறை பார்த்த நாளிலிருந்து அப்படித்தான். 2016 மே 2 அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் டண்டீ 2019இல் இறங்கியபோது நான் முதலில் செய்தது, அடுத்த சீசன் அட்டவணை எப்போது வரும் என்று தேடியதுதான்.