'ரேப் ஆஃப் தி லாக்': அங்கதம் எந்த வரியில் இருக்கிறது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தில் அலெக்சாண்டர் போப்பின் 'தி ரேப் ஆஃப் தி லாக்' பாடம். ஒரு பெண்ணின் கூந்தல் சுருளை வெட்டியதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பதைத் தாண்டி எதுவும் பிடிபடவில்லை. போலிக் காப்பியக் கூறுகளை, அதாவது அற்ப விஷயத்தைக் காப்பியப் பாணியில் பாடும் உத்திகளை, பட்டியலிட்டு எழுதினேன். 'இதில் அங்கதம் எங்கே?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எப்படிப் படிப்பது?

பதில்: முதலில் எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக இருங்கள். 1712-இல் வெளிவந்தது இரண்டே காண்டம், 334 வரி. சில்ஃப் என்னும் காற்றுத் தேவதைகளும் சீட்டாட்டமும் 1714-இல் ஐந்து காண்டமாக விரித்தபோது வந்தவை. கிளாரிஸா என்ற பாத்திரத்தின் அறிவுரை 1717-இல் சேர்ந்தது. பாடப்புத்தகங்களில் இருப்பது இந்தக் கடைசி வடிவம், 794 வரி. கவிதைக்குப் பின்னால் இருக்கும் உண்மைச் சம்பவம், அதாவது பீட்டர் பிரபு அரபெல்லா ஃபெர்மரின் முடியை வெட்டியது, இரு குடும்பமும் முறைத்துக்கொண்டது, நண்பர் ஜான் கேரில் சொல்லிப் போப் எழுதியது எல்லாம் விடையில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

வாசிப்பை மூன்றாம் காண்டத்திலிருந்து தொடங்குங்கள். முதல் காண்டத்தின் தேவதை வகைகள் புதியவரை அயர வைத்துவிடும். மூன்றாவதில் எடுத்த எடுப்பிலேயே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. மூன்று நாடுகள் பணியும் ஆன் அரசி அங்கே சில வேளை ஆலோசனை கொள்கிறார், சில வேளை தேநீர். ஒரே வினைச்சொல்லில் அரசாட்சியும் தேநீரும் தொங்குகின்றன. (வாய்விட்டுப் படிக்கும்போது 'டீ' என்பதை அந்தக் கால வழக்கப்படி 'டே' என்று சொல்லுங்கள், முந்தைய வரியை முடிக்கும் 'ஒபே' (பணிதல்) என்ற சொல்லுடன் இயைபு அப்போதுதான் விழும்.) ஒவ்வொரு ஈரடியிலும் வினையைக் கோடிட்டு, அதில் எந்தெந்தப் பொருள்கள் தொங்குகின்றன என்று பாருங்கள். இரண்டாம் காண்டத்தில் சில்ஃப்களின் தலைவன் ஏரியலின் அச்சங்கள் இதற்கு நல்ல பயிற்சி: முடியைப் பறிகொடுக்கப்போகும் நாயகி பெலிண்டாவின் மானம் கறைபடுமோ, புதுப் பட்டாடை கறைபடுமோ, இதயத்தைத் தொலைப்பாளோ, கழுத்து நகையைத் தொலைப்பாளோ. இரண்டுக்கும் ஒரே பதற்றம். ஒப்பனை மேசையில் பவுடருக்கும் காதல் கடிதத்துக்கும் நடுவே பைபிள் கிடப்பதும் இதே கணக்குதான்.

பெலிண்டாவை மட்டும் கேலி செய்கிறார் என்று எழுதினால் பாதி விடை போயிற்று. மூன்றாம் காண்டத்திலேயே, சீட்டாட்டத்துக்குச் சற்று முன்னால், பொழுது சாயும் வருணனை ஒன்று வரும். பசியெடுத்த நீதிபதிகள் அவசரமாகத் தீர்ப்பில் கையெழுத்திடுகிறார்கள்; ஜூரிகள் சாப்பிடப் போகவேண்டும் என்பதற்காக ஏழைப்பட்ட ஆள் தூக்கில் தொங்குகிறான். அடுத்த வரியில் வணிகர் நிம்மதியாக வீடு திரும்புகிறார். அதற்கடுத்து பெண்களின் நெடிய ஒப்பனை வேலை முடிகிறது. குரல் எங்கும் உயரவில்லை. உயிர் போன செய்திக்கும் ஒப்பனை முடிந்த செய்திக்கும் ஒரே நடை. முழுக் கவிதையிலும் இதைவிடக் கூர்மையான இடம் இல்லை என்பேன். 'சமூக அங்கதம்' பற்றிய கேள்விக்கு இதிலிருந்தே தொடங்கலாம்.

இன்னொரு வழக்கமான பிழை, போப் ஹோமரை நையாண்டி செய்கிறார் என்பது. அதே ஆண்டுகளில்தான் அவர் 'இலியட்' மொழிபெயர்ப்பில் இருந்தார். ஆறு தொகுதிகள், 1715 முதல் 1720 வரை. ஹோமர் இங்கே அளவுகோல். அளக்கப்படுவது லண்டன் மேட்டுக்குடி. அதனால் காப்பிய இணைகள் மூன்று போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் எது சிறுத்துப்போனது என்று எழுத வேண்டும். உதாரணமாக, பெலிண்டாவின் பாவாடையைக் காக்க ஐம்பது சில்ஃப்கள். திமிங்கில எலும்பு வைத்த அந்தப் பாவாடையை 'ஏழு மடங்கு' அரண் என்கிறார். ஏழு மாட்டுத்தோல் அடுக்கிய ஏஜாக்ஸின் கேடயம் நினைவுக்கு வரவேண்டும். போர்க்களத்தில் உயிர் காத்தது இங்கே ஊர்ப்பேச்சிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது, அதுவும் முடிவதில்லை.

நான்காம் காண்டத்தைக் கடைசியாகப் படியுங்கள். ஸ்ப்ளீன் (மனச்சோர்வு, சிடுசிடுப்பு) குகைக்கு அம்ப்ரியல் என்னும் குட்டிப் பூதம் இறங்குவது காப்பிய நாயகர்களின் பாதாளப் பயணம்; அங்கே கிடைக்கும் பை யுலிஸீஸின் காற்றுப் பை, உள்ளே இருப்பதோ பெருமூச்சும் விம்மலும் வாய்ச்சண்டையும்.

ஐந்தாம் காண்டத்தில் வரும் கிளாரிஸாவின் உரையில் மட்டும் நிதானம் தேவை. 'இலியட்'டில் சார்ப்பிடான் போருக்கு அழைக்கும் பேச்சின் சாயலில், அழகு நிலைக்காது, நற்குணம் வேண்டும் என்கிறாள். இதையே போப்பின் குரல் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அவள் பேசி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. மூன்றாம் காண்டத்தில், முடியை வெட்டும் பாரனிடம் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். இந்த இரண்டையும் சேர்த்துக் காட்டிவிட்டு உங்கள் முடிவை எழுதுங்கள்.